"தேய்மானம்னு சொல்லிட்டாங்க டாக்டர், இனி இப்படியேதானா?" மதுரை வாசகிக்கு ஒரு பதில்

மதுரையிலிருந்து ஒரு சகோதரி நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 36. பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் 11 வருடமாக வேலை. காலை ஒன்பதரைக்கு உள்ளே போனால் இரவு ஒன்பதரைக்குத்தான் வெளியே வருகிறார். இரண்டு பிள்ளைகள், இரண்டுமே சிசேரியன். இரண்டு வருடமாக இடுப்பு, தொடை, முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பு, விலா எல்லாம் வலி. முதலில் சாயங்காலம் மட்டும் இருந்தது, இப்போது காலையில் பாயிலிருந்து எழும்போதே வலிக்கிறது. பஸ் படி ஏறக் கம்பியைப் பிடித்து உடம்பை இழுக்க வேண்டியிருக்கிறது. கக்கூஸில் உட்கார்ந்தால் குழாயைப் பிடிக்காமல் எழ முடியவில்லை. அம்மா, "பிரசவத்துக்கு முதுகில் போட்ட ஊசிதான் காரணம்" என்கிறார். கீழ்முதுகு எக்ஸ்ரே பார்த்த ஒருவர் "தேய்மானம்" என்றிருக்கிறார். கணவர், "வேலைக்குப் போகப் பிடிக்காம சாக்கு சொல்றே" என்கிறார். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய வலி மாத்திரை ஏழெட்டு மாதமாகத் தினமும் ஓடுகிறது.

போன மாதம் ரத்தம் பரிசோதித்ததில் வைட்டமின் டி 6.8. டாக்டர் 60,000 யூனிட் பாக்கெட் எட்டு எழுதிக் கொடுத்து வாரம் ஒன்று குடிக்கச் சொல்ல, இவர் தினம் ஒன்று என்று நினைத்து ஐந்து நாளில் ஐந்தைக் குடித்துவிட்டார். பக்கத்து வீட்டு நர்ஸ் சொல்லித்தான் தப்பு தெரிந்திருக்கிறது. பயந்துபோய் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டார். இதற்கிடையில் கூட வேலை செய்யும் பெண் ஒருவர், "ஆறு லட்சம் பவர் ஊசி ஒண்ணு போட்டா ஒரே வாரத்துல சரியாயிடும்" என்றிருக்கிறார். கடைசியில் இப்படி முடிக்கிறார்: "இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்ல எனக்கு எப்படி இந்தக் குறை வரும்? வேலையை விட்டுடணுமா? இனி இப்படியேதானா டாக்டர்?"

சகோதரி, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இப்படியே இருக்கப் போவதில்லை. நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்லக் கூடாது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் வலியும் அனுப்பியிருக்கும் ரிப்போர்ட்டும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன. அது குணமாகக்கூடிய நோய், மருந்துச் செலவும் பெரிதில்லை. ஆனால் வாரக்கணக்கில் சரியாகாது, மாதக்கணக்கில்தான் ஆகும். அந்தப் பொறுமை மட்டும் வேண்டும்.

அந்த ரிப்போர்ட்டில் நான் முதலில் பார்த்தது

எல்லோரும் 6.8 என்ற எண்ணைப் பார்த்துத்தான் அதிர்ந்திருக்கிறார்கள். 20 நானோகிராமுக்குக் கீழே என்றாலே குறைவு என்பார்கள், 12-க்குக் கீழே போனால் எலும்பு பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம். ஆனால் என் கண் போனது அதே தாளின் இரண்டாம் பக்கத்தில், கல்லீரல் பரிசோதனை வரிசையில் இருக்கும் அல்கலைன் பாஸ்பட்டேஸ் என்ற வரிக்கு. உங்களுக்கு 236. அந்த லேப் போட்டிருக்கும் மேல் எல்லை 120. கல்லீரல் சம்பந்தப்பட்ட மற்ற எண்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன, இது மட்டும் இரு மடங்கு. எலும்பு தன்னைச் சரிசெய்துகொள்ள முடியாமல் திணறும்போது ஏறுகிற எண் இது. கால்சியம் 8.4, எல்லைக்குச் சற்றுக் கீழே. இந்த மூன்றையும், குழாயைப் பிடித்து எழுகிறீர்களே அதையும் சேர்த்துப் பார்த்தால், இது வெறும் "டி குறைவு" இல்லை. ஆஸ்டியோமலேசியா, அதாவது எலும்பு மென்மை நோய், என்று பலமாகச் சந்தேகிக்கிறேன்.

இதை எலும்புத் தேய்மானத்தோடும், வயதானவர்களுக்கு வரும் எலும்புப்புரையோடும் குழப்பிக்கொள்ளாதீர்கள். வீடு கட்டும்போது கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, காங்கிரீட்டும் போட்டாயிற்று, ஆனால் தளம் இறுகவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆள் ஏறி நடந்தால் அமுங்கும். உங்கள் எலும்பு அந்த நிலையில் இருக்கிறது. சாப்பாட்டில் இருக்கும் கால்சியத்தையும் பாஸ்பரஸையும் குடல் உறிஞ்சுவதற்கு வைட்டமின் டி வேண்டும். அது இல்லாதபோது உடம்பு புது எலும்புக்கு அச்சைப் போட்டுவிட்டு, அதில் நிரப்பச் சத்து இல்லாமல் நிற்கிறது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் பார்த்துக்கொள்ள, கழுத்தில் இருக்கும் பாராதைராய்டு சுரப்பி இருக்கிற எலும்பிலிருந்தே கரைத்து எடுக்கிறது. வலி இதனால்தான். தசைக்கும் வைட்டமின் டி தேவை. அது இல்லாமல் தொடையிலும் இடுப்பிலும் உள்ள பெரிய தசைகள் முதலில் வலுவிழக்கும். படி ஏறுவதும் தரையிலிருந்து எழுவதும் முதலில் கஷ்டமாவதற்கு அதுவே காரணம்.

என்னிடம் வருபவர்களுக்கு இரண்டு சோதனை செய்வேன். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் கட்டைவிரலால் மெதுவாக அழுத்துவேன், சாதாரணமாக அந்த அழுத்தத்துக்கு யாருக்கும் வலிக்காது, இந்த நோய் உள்ளவர்கள் காலைச் சட்டென்று இழுத்துக்கொள்வார்கள். அப்புறம் கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஸ்டூலிலிருந்து எழச் சொல்வேன். உடம்பு முன்னால் சாயும், ஒரு முறை ஆடும், கை தானாகவே தொடையில் ஊன்றப் போகும். உங்கள் கணவரைப் பக்கத்தில் நிற்க வைத்து இதைச் செய்து பாருங்கள். அவர் பார்க்கட்டும். சாக்கு சொல்கிறவர்களுக்கு அல்கலைன் பாஸ்பட்டேஸ் இரு மடங்கு ஏறாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

முதுகு ஊசியும் "தேய்மானமும்"

உங்கள் அம்மா சொல்வதை வாரத்தில் நாலு பேரிடமாவது கேட்கிறேன். சிசேரியனுக்கு முதுகில் போடும் ஊசி மிக மெல்லியது. குத்திய இடம் சில நாள் வலிக்கலாம். ஆனால் அந்த ஊசி போட்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகளில், நீண்டகால முதுகுவலி ஊசி போட்டவர்களுக்கு அதிகம் என்று தெரியவரவில்லை. பிரசவத்துக்குப் பிறகு வலி தொடங்கியது என்ற அம்மாவின் கவனிப்பு தப்பில்லை, காரணம்தான் வேறு. ஏற்கெனவே டி குறைவாக இருக்கும் ஒரு பெண் பிள்ளை சுமந்து, பால் கொடுத்து, பிறகு சரியாகச் சாப்பிடாமல் வேலைக்கும் திரும்பினால், இருந்த கொஞ்சநஞ்சக் கையிருப்பும் போய்விடும்.

தேய்மானம் என்பது 36 வயதில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் பாதிப்பேருக்கு ஏதோ ஒரு அளவில் தெரியக்கூடியது. வலியே இல்லாதவர்களுக்கும் இருக்கும். அதை எழுதி வைத்துவிட்டதால் உங்கள் விலா வலிக்கும் கால் எலும்பு வலிக்கும் யாரும் காரணம் தேடவில்லை.

வெயில் ஊரில் எப்படி?

தோலின் மேல் வெயில் பட வேண்டும், அதுவும் சரியான வெயில். புற ஊதாக் கதிரில் பி வகை பட்டால்தான் தோலில் வைட்டமின் டி உருவாகும். அந்தக் கதிர் கண்ணாடி வழியாக வராது, துணி வழியாகவும் ஏறக்குறைய வராது. நம்மில் பலர் நம்புவதுபோல் காலை ஆறரை மணி இளம் வெயிலில் அது கிடைப்பதும் இல்லை, சூரியன் தாழ்வாக இருக்கும்போது காற்று மண்டலமே அதை வடிகட்டிவிடும். உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். குட்டையாக இருந்தால் அது வேலை செய்யும் வெயில். மதுரையில் அது ஒன்பதரை, பத்து மணிக்கு மேல் தொடங்கி மதியம் இரண்டரை வரைக்கும். நீங்களோ அந்த நேரத்தில் 11 வருடமாக டியூப்லைட் வெளிச்சத்தில் சேலை விரித்துக்கொண்டிருக்கிறீர்கள். நம் கறுத்த தோலில் உள்ள மெலனின் தோலைக் காப்பாற்றுகிறது, அதனாலேயே வெளுத்த தோல்காரர்களைவிட நமக்கு அதிக நேரம் வெயில் தேவைப்படுகிறது. ஊரில் வெயில் இருந்ததே தவிர உங்கள் மேல் படவில்லை.

இனி என்ன செய்யலாம்? வாரத்தில் மூன்று நாளாவது மதியச் சாப்பாட்டு இடைவேளையில் 20, 30 நிமிடம் கடை மொட்டைமாடியிலோ பின்வாசலிலோ நில்லுங்கள். முகம் கறுத்துவிடும் என்று கவலைப்படுவீர்கள், தெரியும். முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொள்ளுங்கள், முழங்கைக்குக் கீழும் பாதத்திலிருந்து முழங்கால் வரையும் பட்டால் போதும். தோல் எரிகிற அளவுக்கு நிற்க வேண்டாம். ஆனால் 6.8-ல் இருக்கும் உங்களை வெயில் மட்டும் மேலே கொண்டுவராது, இப்போது மருந்து வேண்டும். சரியான பிறகு மறுபடி விழாமல் இருக்கத்தான் வெயில்.

அந்த ஐந்து பாக்கெட்

பயப்படாதீர்கள். எட்டு பாக்கெட் என்றால் மொத்தம் 4,80,000 யூனிட், எட்டு வாரத்தில் போக வேண்டியது. அதில் 3,00,000 ஐந்து நாளில் போய்விட்டது. கடும் குறைவுள்ள பெரியவர்களுக்கு இந்த அளவை ஒரே வேளையில் கொடுத்த வழக்கமும் மருத்துவத்தில் உண்டு. உங்கள் கால்சியம் ஏற்கெனவே தாழ்வாக இருந்ததால் ஆபத்துக்கு வாய்ப்பு குறைவு. ஆனாலும் மூன்று விஷயம் செய்யுங்கள். உங்கள் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். ரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ், கிரியாட்டினின் பாருங்கள். அடுத்த பாக்கெட்டை அவர் சொல்லும் வரை தொடாதீர்கள், பொதுவாக அந்த ஐந்தையும் முதல் ஐந்து வாரக் கணக்கில் வைத்துவிட்டு மீதியைத் தொடரச் சொல்வோம்.

இதே தப்பை மாதக்கணக்கில் செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன், அது நிஜமாகவே ஆபத்து. கொழுப்பில் கரையும் வைட்டமின் என்பதால் மிஞ்சியது சிறுநீரில் போகாது, உடம்பிலேயே தங்கும். ரத்தத்தில் கால்சியம் ஏறினால் தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், சிறுநீரகப் பாதிப்பு வரை போகும். இதற்கு நேர்மாறான ஒன்றையும் சொல்ல வேண்டும். காய்ந்து கிடந்த எலும்புக்கு டி கிடைத்ததும் அது ரத்தத்தில் இருக்கும் கால்சியத்தை வேகமாக இழுத்துக்கொள்ளலாம். கூடவே கால்சியம் எடுக்காவிட்டால் உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு, விரல்கள் தானாக இழுத்துக்கொள்வது வரும். இந்த இரண்டு பட்டியலில் எது வந்தாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

ஆறு லட்சம் ஊசி வேண்டாம். தசையில் போடும் ஊசி எப்போது எவ்வளவு ரத்தத்தில் சேரும் என்பது ஆளுக்கு ஆள் மாறும், உங்களுக்கோ ஏற்கெனவே மூன்று லட்சம் உள்ளே போயிருக்கிறது. ஒரேயடியாகக் கொட்டுவது நல்லது என்ற எண்ணமே சரியில்லை. ஆஸ்திரேலியாவில் 70 வயதைத் தாண்டிய 2,256 பெண்களிடம் வருடத்துக்கு ஒருமுறை 5,00,000 யூனிட் வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 2010-ல் வெளிவந்த முடிவு எல்லோரையும் திடுக்கிட வைத்தது: மருந்து குடித்தவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் எலும்பும் அதிகம் முறிந்தது. உங்களுக்குக் குடல் கோளாறு எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை, வாயால் குடிக்கும் மருந்தே போதும். மதியச் சாப்பாடு போல எண்ணெய், கொழுப்பு உள்ள சாப்பாட்டுக்குப் பிறகு, அரை டம்ளர் பாலில் கலந்து குடியுங்கள். வெறும் வயிற்றில் வேண்டாம்.

வலி மாத்திரை, ரத்தசோகை, கால்சியம்

கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது டி இல்லை, ஏழெட்டு மாதமாகத் தினமும் போடும் டைக்ளோஃபெனாக். உங்கள் ஹீமோகுளோபின் 9.6. மாதவிலக்கு காரணமாக இருக்கலாம், ஆனால் அந்த மாத்திரை வயிற்றில் புண்ணாக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தம் கசிய வைப்பதும் உண்டு. மலம் தார் போலக் கறுத்துப் போனால் உடனே காட்டுங்கள். சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். வைட்டமின் டி கல்லீரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் ஒருமுறையும் மாறிய பிறகுதான் முழு வேலை செய்யும். எலும்பு வலிக்கு என்று போடும் மாத்திரை, எலும்பைச் சரிசெய்யும் வழியையே அடைத்தால் என்ன பயன்? இன்றே நிறுத்துங்கள். தாங்க முடியாத நாளில் பாராசிட்டமால் போதும், அதையும் டாக்டர் சொல்லும் அளவோடு.

கால்சியம் மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்கள், இரும்புச்சத்து மாத்திரையைக் குறைந்தது இரண்டு மணி நேரம் தள்ளிப் போடுங்கள். இரண்டும் சேர்ந்தால் கால்சியம் இரும்பை உறிஞ்ச விடாது. உணவில் பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் தேவை என்பது நம் நாட்டுக் கணக்கு. 100 கிராம் கேழ்வரகில் சுமார் 350 இருக்கிறது. கூடவே தயிர், பால், முள்ளோடு மென்று சாப்பிடும் நெத்திலி. டி சத்து மத்தி, அயிலை மாதிரி மீனிலும் முட்டை மஞ்சள் கருவிலும் கொஞ்சம் உண்டு, ஆனால் உங்கள் குறையைச் சாப்பாட்டால் மட்டும் நிரப்ப முடியாது.

இந்த இடத்தில் மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. உடம்பு வலிக்கிற எல்லோரும் போய் டி பாக்கெட் வாங்கிவிட வேண்டாம். 2003-ல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், காரணம் தெரியாத நாள்பட்ட வலியோடு வந்த 150 பேரைப் பரிசோதித்ததில் 93 சதவீதம் பேருக்கு டி குறைவு. அதைக் கேட்டதும் எல்லா வலிக்கும் இதுவே மருந்து என்று பலர் முடிவு கட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே வலி இல்லாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்கவே இல்லை. 25,871 அமெரிக்கர்களிடம் நடத்திய பெரிய ஆய்வில், குறைவு இருக்கிறதா என்று பார்க்காமல் தினம் 2,000 யூனிட் கொடுத்தபோது எலும்பு முறிவு குறையவில்லை என்று 2022-ல் தெரிந்தது. தைராய்டு, மூட்டு வாதம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மாத்திரை, முதுகெலும்புக் காசநோய் என்று வலிக்குக் காரணம் நிறைய உண்டு. உங்களுக்குத் தைராய்டு சரியாக இருக்கிறது, நல்லது. ஆனால் காய்ச்சல், எடை குறைவது, படுத்தாலும் குறையாத இரவு வலி, சிறுநீர் கழிப்பதில் கட்டுப்பாடு போவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் டி-யின் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்காரக் கூடாது.

வேலையை விடலாமா?

விட வேண்டாம் என்பது என் கருத்து. ஆனால் இப்போது போலவே தொடரவும் வேண்டாம். மென்மையாக இருக்கும் எலும்பில் 12 மணி நேரம் பாரம் இறங்கினால் மயிரிழை போல விரிசல் விழலாம், குறிப்பாகத் தொடை எலும்பின் கழுத்தில். நடக்கும்போது தொடை இடுக்கில் குத்துகிற மாதிரி வலி இருந்தால் தாமதிக்காமல் இடுப்புக்கூடு முழுவதும் எக்ஸ்ரே எடுங்கள். நீங்கள் எடுத்தது கீழ்முதுகு மட்டும், அதில் இது தெரியாது.

உட்கார்ந்து வேலை செய்ய உங்களுக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் செய்த திருத்தம், எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி செய்து தர வேண்டும் என்கிறது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்கார்ந்தால் சூப்பர்வைசர் திட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். டாக்டரிடம் "தொடர்ந்து நிற்கக் கூடாது, இருக்கை தேவை" என்று ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு, பிரிவில் உள்ள நாலைந்து பேரோடு சேர்ந்து மேனேஜரிடம் கொடுங்கள், ஒரு நகல் கையில் இருக்கட்டும். அதற்கும் வழி வராவிட்டால் மாவட்டத் தொழிலாளர் துறை அலுவலகத்தில் மனு கொடுக்கலாம்.

சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ பிடிப்பதாகச் சொன்னீர்கள். பிறகு ஏன் லேபுக்கும் மெடிக்கலுக்கும் கைக்காசு? பரிசோதனையும் மருந்தும் இஎஸ்ஐ மருந்தகம் வழியாகவே கிடைக்கும், பிள்ளைகளுக்கும் சேர்த்து. ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாள் பணம் கட்டியிருந்தால், டாக்டர் சான்று தரும் ஓய்வு நாட்களுக்கு, வருடத்தில் 91 நாள் வரை, சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். வலி ரொம்ப இருக்கும் முதல் சில வாரங்களுக்கு இதைப் பயன்படுத்தலாம். பிள்ளைகளுக்குக் கால் வளைந்திருக்கிறதா, கால் வலி என்று சொல்கிறார்களா என்றும் அங்கேயே காட்டிவிடுங்கள்.

சரி, எப்போது நல்லாகும்? உட்கார்ந்து எழும் பலம் சில வாரங்களில் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். எலும்பு வலி குறைய மூன்று நான்கு மாதம் ஆகலாம், எலும்பு முழுசாக இறுக ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். பாக்கெட் முடிந்ததும் நிறுத்திவிட்டால் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள், தினசரியோ மாதமொருமுறையோ சிறிய அளவு ஒன்று தொடர வேண்டும், எவ்வளவு என்று உங்கள் டாக்டர் சொல்வார். மூன்று மாதம் கழித்து டி, கால்சியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் மறுபடி பாருங்கள். மருந்தைச் சரியாகக் குடித்தும் டி ஏறவில்லை என்றால், ரத்தசோகையும் கூடவே இருப்பதால், குடல் சத்தை உறிஞ்சுகிறதா என்று பார்க்க வேண்டிவரும்.

அந்த ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். எண்களைப் பிறகு பார்க்கலாம், குழாயைப் பிடிக்காமல் எழ முடிகிறதா என்பதை முதல் வரியில் எழுதுங்கள்.